கணக்கில் வராத பாண்

- ஒரு கணனி யுத்த விளையாட்டு குறித்துச் சில குறிப்புகள்

நாங்கள் மூன்று பேர் ஓர் அறையில் இருக்கிறோம். பாரிஸ் நகரின் விளிம்பில், ஐந்தாம் மாடியில். இருவர் ஓர் இத்தாலிய உணவகத்தின் சமையலறையில் நிற்கிறோம். மற்றவர் வேறோர் இடத்தில் கோப்பை கழுவுகிறார். மூவருக்கும் வயது முப்பதைத் தாண்டிவிட்டது. மூவருமே பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்து, பட்டம் இல்லாமல் வெளியே வந்தவர்கள். திங்கட்கிழமைகளில் எங்கள் உணவகங்கள் பூட்டு. அன்று மத்தியானம் சோறு சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, பழைய மடிக்கணனி ஒன்றைச் சுற்றி உட்கார்ந்து, 1941இல் சோவியத் யூனியனுக்குள் ஜேர்மன் படைகளை நடத்திச் செல்வதே கடந்த ஒன்றரை வருடமாக எங்கள் பொழுதுபோக்கு.

'யுத்தத்துக்குத் தப்பி ஓடிவந்த உங்களுக்கு யுத்த விளையாட்டு ஒரு கேடா?' என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். சுட்டுத் தள்ளும் விளையாட்டுகளை நாங்கள் தொடுவதில்லை. எங்களில் ஒருவருக்கு அந்தச் சத்தமே ஆகாது. இதுவோ வேறு வகை. சத்தத்தை நிறுத்திவிட்டால் மிஞ்சுவது ஒரு வரைபடமும் ஒரு கணக்குக் கொப்பியுமே. எத்தனை ரொன் சரக்கு, எந்தப் பாதையால், எந்தக் களஞ்சியத்துக்கு, அங்கிருந்து எத்தனை லொறியில், யாருக்கு. சமையலறையில் வாரத்துக்கு ஆறு நாள் இதே வேலையைச் சிறிய அளவில் செய்பவர்களுக்கு இது பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

விளையாட்டின் பெயர் 'வோர் இன் த ஈஸ்ற் 2', அதாவது கிழக்கில் யுத்தம். கேரி கிரிக்ஸ்பி என்ற அமெரிக்கரின் பெயரில் 2021இல் வெளிவந்தது. இவர் இத்துறையில் பழையவர். இதே யுத்தத்தை வைத்து 1984இலேயே 'வோர் இன் ரஷ்யா' என்றொரு விளையாட்டைச் செய்தவர். இப்போதையதன் கைநூல் மட்டும் 500 பக்கத்துக்கும் மேல். வரைபடம் முழுவதும் அறுகோணக் கட்டங்கள். ஒரு கட்டம் பத்து மைல். ஒரு முறை விளையாடினால் ஒரு வாரம் கழியும். 1941 ஜூன் 22இல் தொடங்கி 1945 வரை போகலாம். நாங்கள் ஒன்றரை வருடத்தில் 1941 நவம்பரைத்தான் எட்டியிருக்கிறோம். ஜேர்மன் இராணுவமும் எங்களைவிட வேகமாக அந்த நவம்பரை எட்டியது என்பதைத் தவிர, எங்களுக்கும் அதற்கும் நேர்ந்த சங்கடங்கள் ஒன்றுதான்.

*

முதலில் இந்த விளையாட்டுக்குரிய நியாயத்தைச் செய்துவிட வேண்டும். யுத்தம் பற்றி நாம் சிறுவயதில் இருந்து கேட்ட கதைகள் எல்லாம் வீரத்தின் கதைகள். தளபதி, தாக்குதல், வெற்றி. அந்தத் தளபதியின் வாகனத்துக்கு யார் எண்ணெய் ஊற்றினார் என்று எந்தக் கதையும் சொன்னதில்லை. இந்த விளையாட்டு அதைத்தான் முதலில் கேட்கிறது.

முதல் மூன்று நான்கு முறைகள் இனிமையாகப் போகும். ராங்கிப் படைகள் வரைபடத்தில் பறக்கும். மின்ஸ்க் விழும். அதன்பின் ஒருநாள், முன்னணியில் நிற்கும் படையொன்றைத் தொட்டுப் பார்த்தால், எரிபொருள் தேவையின் கால்வாசிகூட அதனிடம் இல்லை என்று தெரியும். சென்ற வாரம் அத்தனை கட்டங்களைக் கடந்த படை இந்த வாரம் சில கட்டங்களோடு நின்றுவிடும். எதிரி அதைத் தடுக்கவில்லை. பின்னால் இருந்து எதுவும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

ஏன் வரவில்லை என்று தேடத் தொடங்கும்போதுதான் விளையாட்டின் உண்மையான பகுதி ஆரம்பமாகிறது. சரக்கு புகையிரதத்தில் வருகிறது. பாதையொன்று தாங்கக்கூடிய அளவுக்கு மேல் ஏற்றினால் நெரிசல். ஒற்றைப் பாதையானால் இன்னும் மோசம். புகையிரதம் போகக்கூடிய கடைசி இடத்தில் களஞ்சியம் அமைக்க வேண்டும். ஒவ்வொரு களஞ்சியத்துக்கும் பூச்சியத்தில் இருந்து நான்கு வரை ஒரு முன்னுரிமை இலக்கம். எல்லாவற்றுக்கும் நான்கு போட்டால் எதற்கும் நான்கு போடாததற்குச் சமம் என்பதைக் கற்க எங்களுக்கு இரண்டு மாதம் எடுத்தது. களஞ்சியத்தில் இருந்து படைவரைக்கும் லொறி. லொறியும் எரிபொருள் குடிக்கிறது. தூரம் கூடக்கூட அது சுமந்து செல்வதில் பெரும்பங்கைத் தன் ஓட்டத்துக்கே செலவழிக்கிறது. வழியில் பழுதாகியும் விடுகிறது. ஆகவே வென்ற ஒவ்வொரு மைலும் அடுத்த மைலை விலை கூட்டுகிறது.

இது கற்பனையல்ல. 1941இல் நடந்தது இதுவே. சோவியத் தண்டவாளங்களின் அகலம் 1524 மில்லிமீற்றர். ஜேர்மன் தண்டவாளங்களுடையது 1435. வித்தியாசம் ஒன்பது சென்ரிமீற்றர்கூட இல்லை. அந்த இடைவெளியில்தான் உலகின் மிகப் பெரிய படையெடுப்பு சிக்கிக்கொண்டது. ஒரு தண்டவாளத்தைக் கழற்றி உள்ளே தள்ளி மறுபடி அறைவது பெரிய வேலையல்ல. ஆனால் ரஷ்ய எஞ்சின்கள் பெரியவை. அவற்றுக்கான தண்ணீர், நிலக்கரி நிலையங்கள் தூரத் தூர இருந்தன. ஜேர்மன் எஞ்சின்கள் அந்தத் தூரம் ஓடமாட்டா. இடையில் புதிய நிலையங்கள் கட்ட வேண்டியிருந்தது. பனிக்காலம் வந்ததும், வெளிப்புறம் குழாய்கள் வைத்த அந்த எஞ்சின்கள் உறைந்து நின்றன. ராங்கிகளின் படை என்று நாம் படங்களில் பார்த்த அந்தப் படை ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகளோடுதான் எல்லையைக் கடந்தது. அதன் லொறிகளில் பல வேறு நாடுகளில் பிடுங்கியவை. ஒன்றின் உதிரிப்பாகம் மற்றதற்குப் பொருந்தாது. மார்ட்டின் வான் கிரெவெல்ட் 1977இல் எழுதிய வழங்கல் பற்றிய நூலின்பின் இவை எல்லாம் பொதுவான அறிவாகிவிட்டன. அந்த அறிவை ஒருவர் தன் விரல்களால் உணரும்படி செய்தது இந்த விளையாட்டின் சாதனை. இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

இதனை வேறு விளையாட்டுகளோடு ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும். 2011இல் வந்த 'யூனிற்றி ஒவ் கொமாண்ட்' அழகான, சிறிய விளையாட்டு. அதில் வழங்கல் என்பது உண்டு அல்லது இல்லை. பாதை வெட்டப்பட்ட படை முறைக்கு முறை பலமிழந்து போகும். புரிந்துகொள்ள எளிது. ஆனால் அங்கே பற்றாக்குறை என்பது ஒரு தண்டனை மட்டுமே. யாருக்குக் குறைப்பது என்று நீங்கள் முடிவுசெய்ய வேண்டியதில்லை. மறுபக்கத்தில், கணனிக்கு முந்திய காலத்தில், 1979இல் ரிச்சர்ட் பேர்க் வடிவமைத்த 'வட ஆபிரிக்கப் போர்' என்ற பலகை விளையாட்டு இருக்கிறது. அதில் இத்தாலியப் படைகளுக்கு மட்டும் மேலதிகமாகத் தண்ணீர் கொடுக்க வேண்டும், பாஸ்ரா அவிக்க. இதை அறிந்த அன்று நாங்கள் இருவரும் அறையில் விழுந்து சிரித்தோம். நாள்முழுக்கப் பாஸ்ராத் தண்ணீர் கொதிக்க வைப்பவர்களுக்கு அது பகிடியாகப் படாது என்று மூன்றாமவர் சொன்னார். அவர் சொன்னதிலும் உண்மை உண்டு. படைவீரனுக்கு வயிறு உண்டு என்பதை அந்த ஒரு விதி மறக்கவில்லை.

*

இனி எங்கள் குறை.

எங்கள் விளையாட்டில் சரக்கு என்பது ஒரே பொருளாக ரயிலில் வந்து, படைகளிடம் சேரும்போது மூன்றாகப் பிரிகிறது: எரிபொருள், வெடிபொருள், மற்றையது பொது வழங்கல். சாப்பாடு அந்த மூன்றாவதற்குள் அடங்கிவிடுகிறது. அதாவது இந்த விளையாட்டின்படி, ஸ்மோலென்ஸ்குக்கு அப்பால் நிற்கும் ஜேர்மன் வீரன் சாப்பிட்ட பாண், ஜேர்மனியில் இருந்து பெற்றோலோடும் குண்டுகளோடும் ரயிலேறி வந்த பாண்.

வரலாற்றில் அந்தப் பாண் பெரும்பாலும் அப்படி வரவில்லை.

1941 மே 2இல், படையெடுப்புக்கு ஏழு வாரம் முன்பு, பேர்லினில் அரச செயலாளர்களின் கூட்டமொன்று நடந்தது. விவசாய அமைச்சில் இருந்த ஹேர்பேர்ட் பாக்க என்பவரின் திட்டம் அங்கே பேசப்பட்டது. அதன் குறிப்பு இன்றும் இருக்கிறது. யுத்தத்தைத் தொடர வேண்டுமானால் இராணுவம் முழுவதும் ரஷ்யாவில் இருந்தே உண்ண வேண்டும். தேவையானதை அந்நாட்டில் இருந்து எடுத்தால் கோடிக்கணக்கானோர் பட்டினியால் சாவார்கள் என்பதில் ஐயமில்லை. இவை இரண்டும் அந்தக் குறிப்பில் அடுத்தடுத்து வருகின்றன. இரண்டாவதைத் தடுப்பது எப்படி என்று அங்கே எவரும் ஆராயவில்லை.

இதை ஒரு கொடூரம் என்று சொல்லி ஒதுக்கிவிடலாம். கொடூரம்தான். ஆனால் இது வழங்கல் கணக்கும்கூட என்பதை நாம் கவனிக்க வேண்டும். ரயில் போதாது. லொறி போதாது. எதை ஏற்றாமல் விடுவது? பெற்றோலை விடமுடியாது, அது ரஷ்யக் கிராமத்தில் கிடைக்காது. குண்டை விடமுடியாது. சாப்பாட்டை விடலாம், அது போகும் வழியில் உண்டு, பிறர் வீட்டில். பாணை இறக்கிவிட்ட இடத்தில் பெற்றோலை ஏற்றினார்கள். மொஸ்கோவின் வாசல்வரை போன அந்த எரிபொருளுக்கு உக்ரேனிலும் பெலாருசியாவிலும் ரஷ்யாவிலும் இருந்த மக்கள் தங்கள் தானியத்தாலும் மாடுகளாலும் விலை கொடுத்தார்கள்.

ஆகவே எங்கள் குற்றச்சாட்டு, இந்த விளையாட்டு ஒழுக்கம் போதிக்கவில்லை என்பதல்ல. அது தான் பெருமைப்படும் துறையிலேயே, வழங்கல் கணக்கிலேயே, பிழை விடுகிறது என்பதே. தண்டவாளத்தின் மில்லிமீற்றர்வரை அக்கறை காட்டும் ஒரு விளையாட்டு, தண்டவாளம் போதாத இடைவெளி எதனால் நிரப்பப்பட்டது என்பதைக் காட்டவில்லை. வரவு எழுதப்படாத கொப்பி அது. நாங்கள் விளையாடிய அளவில், நகரங்களுக்கு மக்கள்தொகை உண்டு. ஆனால் அது படைக்கு ஆள் எடுக்கவும் தொழிற்சாலை ஓடவும் உரிய எண். அந்த எண் சாப்பிடுவதில்லை.

போர்க்கைதிகளும் அவ்வாறே. ஒரு சுற்றிவளைப்பை முடித்தால் இழப்புப் பட்டியலில் 'கைப்பற்றப்பட்டோர்' என்ற பத்தியில் ஒரேயடியாக ஓர் இலட்சம், இரண்டு இலட்சம் ஏறும். நாங்களும் முதலில் கைதட்டினோம். அடுத்த வாரம் அந்த எண் எந்தக் களஞ்சியத்தில் இருந்தும் எதையும் கேட்பதில்லை. உண்மையில் ஜேர்மனியர் கைப்பற்றிய சோவியத் வீரர்கள் ஏறத்தாழ 57 இலட்சம். அவர்களில் இறந்தோர் 33 இலட்சம் என ஆய்வாளர் கிறிஸ்டியான் ஸ்ட்ரைற் கணக்கிட்டார். அவர்களில் ஏறத்தாழ 20 இலட்சம் பேர் 1942 பெப்ரவரிக்குள்ளேயே, முதல் எட்டு மாதத்தில் முடிந்துபோனார்கள். பெரும்பாலும் பட்டினியாலும் குளிராலும் நோயாலும். விளையாட்டில் அவர்கள் எதையும் கேட்காததற்கு வரலாற்று ஆதாரம் உண்டு என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்: அங்கும் அவர்களுக்கு ஒதுக்கீடு இருக்கவில்லை.

*

இந்த இடத்தில் இரண்டு மனிதர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருவரும் வழங்கல்காரர்.

ஒருவர் எடுவார்ட் வாக்னர், ஜேர்மன் இராணுவத்தின் வழங்கல் தலைவர். நாங்கள் திங்கட்கிழமைகளில் செய்யும் வேலை அவருடைய வேலைதான். 1941 நவம்பர் 13இல் ஓர்ஷா என்ற இடத்தில், மொஸ்கோவை நோக்கிய இறுதி முன்னேற்றத்துக்கு வழங்கல் போதுமா என்பதைப் பற்றியும் பேசக் கூடிய கூட்டத்தில், முகாம்களில் வேலை செய்யாத கைதிகள் பட்டினி கிடந்து சாக வேண்டியதுதான் என்ற கருத்தை அவர் சொன்னார். அது பதிவாகியும் இருக்கிறது. பின்னாளில் அவர் ஹிட்லருக்கு எதிரான 1944 ஜூலைச் சதியில் சேர்ந்து, அது தோற்றபோது தன்னைத் தானே சுட்டுக்கொண்டார். அவரைப் பேயாக வரைவது எங்கள் நோக்கமல்ல. அவர் தன் வேலையில் கெட்டிக்காரர். அதுதான் பிரச்சினை. கணக்கில் பற்றாக்குறை வந்தபோது, அவர் வாய்களைக் கழித்தார்.

மற்றவர் டிமித்ரி பவ்லோவ். 1941 செப்டெம்பரில் லெனின்கிராட்டின் உணவு வழங்கலுக்குப் பொறுப்பாக அனுப்பப்பட்டவர். செப்டெம்பர் 8இல் நகரத்தின் தரைவழி அறுந்தது. அவர் செய்தது, நகரத்தில் மா எவ்வளவு, வாய் எவ்வளவு என்று எண்ணியது. நவம்பர் 20இல் தொழிலாளிக்கு 250 கிராம் பாண், மற்றையோருக்கும் பிள்ளைகளுக்கும் 125 கிராம் என்ற நிலைக்கு அது இறங்கியது. அந்தப் பாணிலும் முழுக்க மா இல்லை. முன்னரங்கில் நின்ற வீரனுக்கு 500 கிராம். அவரையும் நாங்கள் தெய்வமாக்கவில்லை. அவருடைய கொப்பியிலும் துவக்கு வைத்திருந்தவனே முதலில் சாப்பிட்டான். எந்த யுத்தத்திலும், எந்தப் பக்கத்திலும், அதுதான் வழக்கம். லடோகா ஏரி உறைந்ததும் பனியின்மேல் லொறி ஓடியது. அப்படியும் முற்றுகையில் இறந்த பொதுமக்களை எட்டு இலட்சம் முதல் பத்து இலட்சம் வரை எனக் கணிக்கிறார்கள். ஆனால் 125 கிராம் என்பது பூச்சியம் அல்ல. அந்தப் பிள்ளை கணக்கில் இருந்தது.

வாக்னரின் பக்கத்து லொறிகளையும் களஞ்சியங்களையும் எங்கள் விளையாட்டு மிகத் துல்லியமாகத் தருகிறது. லெனின்கிராட்டும் வரைபடத்தில் இருக்கிறது. தொழிற்சாலைகள், ஆட்பலம், புகையிரத முற்றம் எல்லாம் உண்டு. அந்த 125 கிராம் மட்டும் இல்லை.

*

இதற்கு ஒரு மறுப்பு வரும் என்பதை அறிவோம். எங்களில் ஒருவரே அதைச் சொன்னார்: 'மச்சான், பட்டினி போடுவதற்கு ஒரு பொத்தான் வைத்தால் அதையும் அமத்திப் பார்க்கிற ஆட்கள் இருப்பாங்கள். வைக்காமல் விட்டதுதான் நல்லது.' இந்த மறுப்பை நாங்கள் மதிக்கிறோம். பட்டினியை வெற்றிக்கான உபாயமாக்கி அதற்குப் புள்ளி கொடுக்கும் விளையாட்டை எவரும் செய்ய வேண்டாம். ஆனால் இலவசமாகக் கிடைத்ததாகக் காட்டுவதும் ஒருவகைப் பொய். முறை முடிவில் ஒரு வரி போதும்: இந்த வாரம் உங்கள் படை உண்டதில் இத்தனை ரொன் உங்கள் ரயிலில் வரவில்லை. அவ்வளவுதான். யாருடையது என்பதை விளையாடுபவர் யோசித்துக்கொள்வார்.

எங்களுக்கு இந்த விடயம் இப்படி உறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. வழங்கலை நாங்கள் முதலில் அறிந்தது தளபதியின் மேசையில் அல்ல, வரிசையில். தொண்ணூறுகளின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, சில துளி மண்ணெண்ணெய், ஒரு திரி. அந்த வெளிச்சத்தில்தான் நாங்கள் எழுத்துக் கூட்டினோம். சில சொட்டுப் பெற்றோலில் எழும்பி மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களின் புகை மணம் இன்றும் மூக்கில் இருக்கிறது. 2006 ஆகஸ்ட்டில் முகமாலைப் பாதை பூட்டியபின் மறுபடி வரிசை. கப்பல் வந்ததா, சங்கக்கடைக்குச் சீனி வந்ததா என்பதே ஊரின் பேச்சு. எங்கோ ஒரு மேசையில் யாரோ ஒருவர் எங்களுக்கும் ஒரு முன்னுரிமை இலக்கம் போட்டிருப்பார் என்று அப்போது நாங்கள் நினைத்ததில்லை. இப்போது, களஞ்சியமொன்றின்மேல் சுட்டியை வைத்து பூச்சியமா நான்கா என்று யோசிக்கும்போது, நினைக்கிறோம்.

2009இன் தொடக்க மாதங்களில், வன்னிக்குள் அகப்பட்டிருந்த மக்கள் ஓர் இலட்சத்துக்கும் குறைவு என்று அரசு சொல்லிவந்தது. உள்ளே அனுப்பும் உணவும் மருந்தும் அந்த எண்ணை ஒட்டியே பேசப்பட்டன. மே மாதத்தின் பின் முகாம்களில் எண்ணப்பட்டோர் இரண்டரை இலட்சத்துக்கும் அதிகம். ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கை இந்த எண் குறைப்பைப் பற்றிப் பேசுகிறது. அம்மக்களை வெளியேற விடாது மறித்து வைத்திருந்தவர்களின் கணக்கிலும் அவர்கள் மனிதர் என்ற பத்தியில் இருக்கவில்லை என்பதையும் அதே அறிக்கை சொல்கிறது. 1941ஐயும் 2009ஐயும் நாங்கள் சமப்படுத்தவில்லை; அளவும் நோக்கமும் வேறு. ஒன்றை மட்டும் சொல்கிறோம். வழங்கலில் மிகப் பெரிய முடிவு, லொறி புறப்படும் முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது. யாரை எண்ணுவது என்ற முடிவு.

நாங்கள் வேலை செய்யும் உணவகத்தில் ஒரு கொப்பி உண்டு. வெள்ளிக்கிழமைக்குத் தேவையானவற்றை புதன் இரவே எழுத வேண்டும். மா, தக்காளி, எண்ணெய், சீஸ், எல்லாவற்றுக்கும் வரி உண்டு. வேலை செய்பவர் சாப்பாடு என்று ஒரு வரி இல்லை. மிஞ்சியதில் சாப்பிடுவோம் என்பது எழுதப்படாத ஏற்பாடு. நல்லாய் வியாபாரம் நடந்த நாளில் மிஞ்சாது. இது பெரிய துன்பம் என்று சொல்ல வரவில்லை. அறையில் சோறு இருக்கிறது. ஆனால் கணக்குக் கொப்பியை எங்கே பார்த்தாலும் இல்லாத வரியைத் தேடும் பழக்கம் எங்களுக்கு வந்துவிட்டது.

இந்த விளையாட்டை விளையாடலாமா என்று கேட்பவர்களுக்கு, விளையாடுங்கள் என்றே சொல்வோம். யுத்தத்தை வீரக்கதையாக மட்டும் கேட்டு வளர்ந்த எம்மவர்க்கு, அது எண்ணெயும் தண்டவாளமும் தீவனமும் என்று காட்டும் பாடம் அவசியம். அப்பாடத்தைச் சொல்லும் நூல்கள் தமிழில் மிகக் குறைவு. பக்கத்தில் ஒரு கொப்பியும் வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டு எழுதாத வரவை நீங்கள் எழுதுங்கள்.

எங்கள் ஆட்டம் 1941 நவம்பர் மூன்றாம் வாரத்தில் நிற்கிறது. மொஸ்கோவுக்கு இன்னும் சில கட்டங்கள். எரிபொருள் போதாது. ஸ்மோலென்ஸ்க் களஞ்சியத்துக்கு நான்கு போட்டு, தெற்கைக் குறைத்தால் ஒருவேளை போகலாம் என்கிறார் ஒருவர். பனி முடியும்வரை நிற்பதே புத்தி என்கிறார் மற்றவர். அடுத்த திங்கட்கிழமை முடிவெடுக்க வேண்டும். இழப்புப் பட்டியலில் கைப்பற்றப்பட்டோர் 23 இலட்சம் என்று காட்டுகிறது. போன கிழமையும் அதே எண்தான். எங்கள் விளையாட்டில் அது குறைவதில்லை.